பதவியின் கணக்கும் தலைவரின் கணக்கும்

சமூக ஊடகத்தில் அரசின் குரல் இருவகைக் கணக்குகள் வழியே ஒலிக்கிறது: அமைச்சகம், தூதரகம் போன்ற அலுவலகத்தின் பெயரில் அமைந்து, பொறுப்பாளர் மாறினாலும் தொடர்வது ஒன்று, அமைச்சரின் சொந்தப் பெயரில் அமைந்து, பதவி நீங்கிய பின்னும் அவரிடமே தங்குவது மற்றொன்று. மக்களின் நம்பிக்கையைப் பின்னதே விரைந்து ஈட்டுகிறது என்பதையும், அந்த ஈட்டம் அரசின் ஏட்டில் வரவாவதில்லை என்பதையும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் வரலாறு ஒருங்கே காட்டுகிறது.

அயல்நாட்டு அரசுகளைக் கடந்து மக்களோடு நேரே பேசுவதற்கென அமைந்த அதன் பொதுத் தூதியல் பிரிவு, நவ்தீப் சூரியின் தலைமையில் 2010இல் ட்விட்டரில் நுழைந்தது. மறு ஆண்டு லிபியாவிலிருந்து இந்தியர்களை மீட்க நேர்ந்தபோது, அறிவிப்புப் பலகையாக இருந்த கணக்கு முறையிடும் வாயிலாகவும் ஆயிற்று. 2014 முதல் 2019 வரை அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜின் காலத்தில் அவ்வாயில் அவருடைய சொந்தக் கணக்குக்கு இடம்பெயர்ந்தது. கடவுச்சீட்டைத் தொலைத்தவர்களும் வளைகுடா நாடுகளில் சம்பளமின்றிச் சிக்கியவர்களும் அவருக்கே எழுதினர். 2016இல் சவூதி அரேபியாவில் வேலையிழந்து உணவுக்கே தவித்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு உதவுமாறு அங்குள்ள இந்தியர்களை அவர் அக்கணக்கிலேயே வேண்டினார். செவ்வாய்க் கோளில் சிக்கினாலும் இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017இல் அவர் விளையாட்டாகச் சொன்னதை மக்கள் ஏறத்தாழ வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டனர்.

அவருக்கு எழுதியவர்களுக்கு உதவி விரைந்து கிடைத்ததைத் தொழில்நுட்பத்தின் கொடையாகக் கொள்வது பொருந்தாது, ஏனெனில் அதே ஊடகம் அதே தூதரகங்களிடம் முன்பே இருந்தது. பலர் பார்க்க அமைச்சரே தூதரைப் பெயர் சுட்டிப் பணித்ததுதான் கோப்பை நகர்த்தியது. அவர் கண்ணில் படாத முறையீடு வழக்கமான வரிசையில் காத்திருந்தது என்பது இதன் மறுபக்கம். முறையீடுகளை உரிய தூதரகங்களுக்கும் கடவுச்சீட்டு அலுவலகங்களுக்கும் பிரித்தனுப்ப 2016 டிசம்பரில் தொடங்கிய ‘ட்விட்டர் சேவா’ ஏற்பாடு, தனிமனிதரின் அக்கறையை அலுவலக நடைமுறையாக்க முயன்றது. தாமதமான முயற்சி எனினும் சரியானது.

எஞ்சுவது, இப்பதிவுகள் யாருடைய ஆவணம் என்ற சிக்கல். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் கணினி வழி உருவானவற்றையும் உள்ளடக்கினும், அவை அரசு அமைப்பு ஒன்றின் ஆவணங்களாக இருத்தல் வேண்டும் என்கிறது. அமைச்சரின் சொந்தக் கணக்கு அவ்வரையறைக்குள் தெளிவாக அடங்குவதில்லை. அலுவலகக் கணக்கிலும் குழப்பம் நேர்ந்ததுண்டு: 2014 மே மாதம் மன்மோகன் சிங் அரசு விலகுகையில் பிரதமர் அலுவலகக் கணக்கு காப்பகம் என்று பெயர் மாற்றப்பட, பாரதிய ஜனதா கட்சி கண்டித்த பின்னரே பழைய பெயர் புதிய அரசுக்குக் கிடைத்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் 2017 ஜனவரியில் ஒபாமா காலத்துப் பதிவுகள் தனிக் கணக்கில் காக்கப்பட்டு, அதிபர் கணக்கு வெற்றேடாகக் கைமாறியது.

சொந்தக் கணக்கில் எது அரசுப் பேச்சு என்பதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல் லிண்ட்கே வழக்கில் வகுத்த அளவுகோல் துணைசெய்யும்: அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் கணக்குக்குரியவருக்கு இருக்க வேண்டும், குறித்த பதிவில் அவ்வதிகாரத்தைச் செலுத்துவதாகவும் அவர் காட்டியிருக்க வேண்டும். கருத்துரிமை பற்றிய வழக்கில் பிறந்த இவ்வளவுகோலை ஆவணக் காப்புக்குப் பொருத்தினால், சுஷ்மா சுவராஜின் பிறந்தநாள் வாழ்த்துகள் அவருடையனவாகவே நிற்க, தூதரகங்களுக்கு அவர் இட்ட பணிப்புகள் அமைச்சகத்தின் கோப்பில் சேரும்.