மொஹீனின் குதிரைகள்

பாடலைப் பாடியவர் பெயரோடு அதனைத் தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் போற்றிக் காத்த மொழி நம்முடையது. குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பதும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்பதும் நூலிறுதிக் குறிப்புகளால் நமக்குத் தெரிய வருகின்றன. புறநானூற்றுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதனைத் தொகுத்த பெருமகன் பெயரின்றியே மறைந்துவிட்டான்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது ஏட்டுச் சுவடி எதனையும் கண்டதனால் அன்று. 1995ஆம் ஆண்டு கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் வெளியான ஒரு வங்காளப் பாடல் தொகுப்பினால். ‘ஆபார் பொச்சோர் குரி போரே’ என்பது அதன் பெயர். ‘மீண்டும் இருபது ஆண்டு கழித்து’ என்று பொருள் கொள்ளலாம். அதனை வெளியிட்டவர்கள் ஒரு காலத்தில் தாமே பாடல் இயற்றி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய ஓர் இசைக்குழுவினர். ஆயினும் ‘எங்கள் பாடல்கள்’ என்று அவர்கள் பொறிக்கவில்லை. ‘மொஹீனேர் கோராகுலி பதிப்பித்த வங்காளப் பாடல்கள்’ என்றே பொறித்தார்கள். பாடகன் பதிப்பாசிரியனான இந்த வரலாறு, வங்க மண்ணில் வாழும் தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று எனக் கருதுகிறேன்.

1970களின் கல்கத்தாவை நம் சங்கத்து மூத்த அன்பர்கள் நன்கு அறிவர். நக்சல்பாரி எழுச்சியும் அதனை ஒடுக்கிய கடுமையும், 1971இல் எல்லை கடந்து வந்த அகதிகளின் துயரும், 1975இல் வந்த நெருக்கடி நிலையும், நாள்தோறும் தவறாத மின்வெட்டும், பாதாள ரயிலுக்காகத் தோண்டப்பட்ட தெருக்களும் சேர்ந்த நகரம் அது. இத்தனை கொந்தளிப்பும் அந்நாளைய வங்காளப் பாடலில் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பது வியப்பே. ஹேமந்த முகர்ஜி, மன்னா டே போன்ற பெருங்கலைஞர்களின் இனிய குரலில் காதலும் பிரிவும் நிலவும் மழையும் வழிந்தோடின. மறுபுறம் இரவீந்திர சங்கீதம் இருந்தது. அதற்கு விசுவபாரதியின் இசைக்குழுமம் காவல் நின்றது. தேவவிரத விசுவாஸ் போன்ற மாபெரும் பாடகரே, பாட்டுக்குப் பக்கவாத்தியம் மிகுதி என்னும் ஆட்சேபத்தினால் மனம் கசந்து இசைத்தட்டில் பாடுவதை நிறுத்திக்கொண்ட காலம் அது.

கிட்டார் இசை வேண்டுமானால் பார்க் தெருவுக்குப் போகவேண்டும். அங்கே உணவுக்கூட மேடைகளில் ஆங்கிலப் பாட்டு முழங்கியது. அம்மேடைகளுள் ஒன்றான டிரிங்காஸில் காஞ்சிப் பட்டுடுத்தி, நெற்றியில் பொட்டிட்டு ஆங்கிலப் பாடல் பாடிப் பெயர் பெற்றவர் நம்மவரான உஷா ஐயர். பின்னாளில் உஷா உதூப். 1969இல் சென்னையில் மேடையேறி, அடுத்துக் கல்கத்தாவுக்கு வந்தவர். வேற்று மொழிப் பாட்டைத் தன் கோலத்தோடு பாடிக் காட்டினார் அவர். வேற்று நாட்டுக் கருவியைத் தன் மொழிப் பாட்டுக்குப் பழக்குதல் வேறொரு வேலை. அதனைச் செய்ய முன்வந்தவர் கௌதம் சட்டோபாத்யாயர்.

அவர் பிரெசிடென்சி கல்லூரியில் உடலியல் பயின்றவர். மாணவப் பருவத்திலேயே ‘தி அர்ஜ்’ என்னும் குழுவில் கிட்டார் வாசித்துப் பார்க் தெரு மேடைகளைக் கண்டவர். பின்னர் நக்சல்பாரி இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டுச் சிறை சென்றார். விடுதலையான பின் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் வாழ நேர்ந்தது. பிறந்த ஊரை விட்டு, தன் மொழி வழங்காத ஊரில் வயிற்றுப் பிழைப்புக்காக இருந்த அந்நாள்கள் அவருடைய பாட்டில் என்ன செய்தன என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய வாழ்க்கையின் சுவையை நான் இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் கல்கத்தாவுக்குத் திரும்பிய பின், 1975ஐ ஒட்டி, உடன்பிறந்தாரும் உறவினரும் நண்பரும் சேர்ந்து எழுவர் கூடினர். கௌதமோடு விசுவநாத், பிரதீப், ரஞ்சன் கோஷால், ஆபிரகாம் மஜும்தார், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய் ஆகியோர் அவ்வெழுவர். கிட்டார், வயலின், சாக்சபோன், டிரம்ஸ், குழல் எனக் கருவிகள் ஒருபுறம். ஊர் ஊராகத் திரிந்து ஒற்றை நரம்புக் கருவியுடன் பாடும் பாவுல் துறவியரின் மெட்டு மறுபுறம். நம் சித்தர்களைப் போலச் சாதியையும் சடங்கையும் எள்ளிப் பாடும் அந்தப் பாவுல்களைக் கௌதம் தம் ஆசிரியராகவே மதித்தார்.

குழுவுக்குப் பெயர் எளிதில் அமையவில்லை. எழுவர் ஆதலின் முதலில் ‘சப்தரிஷி’ என்றனர். பின்னர் வில்லாளி என்னும் பொருளில் ‘தீரந்தாஜ்’ என்றனர். ஒரு கட்டத்தில் ‘கௌதம் சட்டர்ஜி பி.எஸ்ஸி.யும் சம்பிரதாயமும்’ என்றுகூட வைத்துப் பார்த்தனர். பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் நம் பொதுவழக்கைக் கிண்டல் செய்ததே அது. பி.ஏ. என்று சேர்த்துக் கையெழுத்திடும் நானும் அதனைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். முடிவில் ரஞ்சன் கோஷால் சொன்ன பெயர் நிலைத்தது: ‘மொஹீனேர் கோராகுலி’. மொஹீனின் குதிரைகள் என்பது பொருள்.

இப்பெயர் ஜீவனானந்த தாஸ் என்னும் கவிஞரின் ‘கோரா’ என்னும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. ‘சாத்தி தாரார் திமிர்’ என்னும் அவருடைய 1948ஆம் ஆண்டுத் தொகுதியில் அக்கவிதை உள்ளது. ஈண்டு அக்கவிஞரைப் பற்றிச் சற்றே நின்று கூற விழைகிறேன். ஏனெனில் அவர் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் நம் தெருக்களில். தமிழரும் பிற தென்னிந்தியரும் குடியேறி, வாழையிலையும் மல்லிகையும் கறிவேப்பிலையும் வாங்கிப் பழகிய லேக் மார்க்கெட் பகுதியை அடுத்த லான்ஸ்டவுன் சாலையில் அவர் குடியிருந்தார். 1954 அக்டோபர் 14ஆம் நாள் மாலை, ராஷ்பிஹாரி அவென்யூவில், தேசப்பிரியா பூங்காவின் அருகே டிராம் வண்டி மோதி, எட்டு நாள் கழித்து உயிர் நீத்தார். அவர் மறைந்த மறு ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசு வந்தது. இன்று வங்காளியர் நெஞ்சில் நிற்கும் ‘ரூபசி பாங்லா’ 1957இல்தான் அச்சேறியது. அவர் எழுதி வைத்த நாவல்களோ பெட்டிக்குள் கிடந்து பின்னரே வெளிப்பட்டன. தம் காலம் தம்மைப் பெரிதும் கேளாமற்போன ஒரு கவிஞரிடமிருந்து இக்குழு பெயரைப் பெற்றது; அவருடைய ஊழையும் சேர்த்தே பெற்றது போலும்.

1977, 1978, 1979 என ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. மூன்றையும் சேர்த்தாலும் பத்துப் பாடலுக்குக் குறைவே. முதல் தட்டின் தலைப்பு ‘சம்விக்ன பாகீகுல ஓ கொல்கத்தா விஷயக்’. கலங்கிய பறவைக் கூட்டமும் கல்கத்தாவும் பற்றியது என்று, ஆய்வுக் கட்டுரைக்கு இடுவது போன்ற தலைப்பு. இரண்டாவது, ‘அஜானா உடந்த வஸ்து’. வானில் பறக்கும் தட்டு என்று நாளிதழ்கள் எழுதும் இனந்தெரியாப் பொருளை வங்காளமாக்கி, ஆங்கிலத்தார் முதலெழுத்துகளைச் சேர்ப்பது போல ‘அ-உ-ப’ என்று சுருக்கியும் வைத்திருந்தார்கள். மூன்றாவது ‘திருசியமான் மொஹீனேர் கோராகுலி’. ரவீந்திர சதனிலும் மாக்ஸ் முல்லர் பவனிலும் மேடையேறினர். நகரத்தின் தனிமை, வறியோர் வாழ்வு, கடல் கடந்து ஏங்கும் மனம் ஆகியவை அவர்தம் பாடுபொருள்.

கேட்டவர் சிலரே. காதலன் காதலி இல்லாத பாட்டு என்ன பாட்டு என்று கேட்டவர் பலர். மேலைநாட்டு இரைச்சல் என்று மொழிப்பற்றாளர் சினந்தனர். பார்க் தெருவினருக்கோ வங்காளத்தில் கிட்டார்ப் பாட்டு என்பதே வேடிக்கை. தட்டுகள் விற்கவில்லை. 1981இல் குழு கலைந்தது. எழுவரும் பிழைப்பு நாடிப் பல திசையில் சென்றனர். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் குடியேறி நாடகத் துறையில் பெயர் பெற்றார். ஆபிரகாம் மேலை இசை கற்பிக்கும் ஆசிரியரானார். கௌதம் திரைப்படத் துறைக்குச் சென்று ‘நாகமதி’ என்னும் படத்தை இயக்கினார்.

பாடல்கள் மட்டும் முற்றிலும் மாண்டுவிடவில்லை. கல்லூரி விடுதிகளிலும் மொட்டை மாடிகளிலும் ஒருவர் பாட ஒருவர் கேட்டு வாய்வழியே சென்றன. பாடியவர் பெயர் தெரியாமலே அவற்றைப் பாடியதாக எங்கள் அலுவலகத்து வங்காள நண்பர் ஒருவர் என்னிடம் கூறியதுண்டு. 1992இல் சுமன் சட்டோபாத்யாயர் ‘தோமாகே சாய்’ என்னும் தொகுப்புடன் ஒற்றைக் கிட்டாரோடு தோன்றியபோது வங்கம் திடீரெனச் செவி சாய்த்தது. நசிகேதா, அஞ்சன் தத் எனப் பிறரும் தொடர்ந்தனர். இருபது ஆண்டுக்கு முன் மூடியிருந்த கதவு திறந்துவிட்டது.

அந்நேரத்தில் கௌதம் செய்ததுதான் என் உள்ளத்தைக் கவர்வது. ‘முதலில் இவ்வழி வந்தவன் நான்’ என்று உரிமை கோரி, பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்து பொருள் ஈட்டியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பெயர் அறியாத இளைஞர்களின் பாடல்களைத் தேடினார். அவற்றோடு தம் பழைய பாடல்கள் சிலவற்றையும் கலந்து, ஒரு சிறு பத்திரிகையின் ஆசிரியர் இதழைத் தொகுப்பதுபோலத் தொகுத்தார். தலைப்பையும் ஜீவனானந்தரின் கவிதையிலிருந்தே எடுத்துக்கொண்டார். பாடல் தொகுப்பைப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்ததும் பொருத்தமே. அது பதிப்பாளர்களின் திருவிழா அல்லவா? தொடர்ந்து ‘ஜரா சமயேர் கான்’, ‘மாயா’, ‘கியாபார் கான்’ என மூன்று தொகுப்புகள் அதே முறையில் வந்தன.

மொஹீனேர் கோராகுலியை வங்காளத்தின் முதல் ராக் இசைக்குழு என்று பலரும் புகழ்வர். முதன்மைப் பட்டம் பதக்கத்தைப் போன்றது, அணிந்தவனோடு முடிந்துவிடும். கோப்பில் குறிப்பு எழுதியவன் யார், ஒப்பமிட்டவன் யார் என்று நாள்முழுதும் பார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். பிறர் எழுதியதைப் பிறர் பெயராலேயே முன்வைக்கும் மூத்தவர் எவ்வளவு அரியர் என்பதை அறிவேன். கேட்பாரற்றுப் போன ஒருவர், கேட்பார் கிடைத்தபோது தம் முறையை அடுத்தவருக்குக் கொடுத்தார் என்பதே என் மதிப்பில் இவ்வரலாற்றின் உயிர்நிலை.

கௌதம் 1999 ஜூன் மாதம் மறைந்தார். அஸ்ஸாமின் கார்பி மக்களைப் பற்றிய படம் ஒன்று முடிவுறாமல் நின்றது. அவர் பதிப்பித்த முதல் தொகுப்பில் ‘பிரிதிபீடா நாகி’ என்றொரு பாடல் உண்டு. உலகம் சுருங்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்து அடைபட்டுவிட்டதாமே, அருகிருப்போர் ஏன் இத்தனை தொலைவில் இருக்கிறோம் என்று ஏங்கும் பாட்டு. 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்னும் இந்திப் படத்தில் வந்த ‘பீகி பீகி’ என்னும் பாட்டுக்கு அதன் மெட்டே அடிப்படை. அமைத்தவர் பிரீதம், பாடியவர் வங்கதேசத்து ஜேம்ஸ். நம் வீட்டுப் பிள்ளைகள் அதனை முணுமுணுத்தபோது, அதன் தாய்ப்பாட்டு இதே ஊரில் பிறந்தது என்று அவர்களுக்குச் சொல்வார் பெரும்பாலும் இல்லை. என் இல்லத்தில் நான் சொன்னேன். பழைய பாட்டையும் கேட்கச் செய்தேன்.

ரஞ்சன் கோஷால் 2020 ஜூலையில் பெங்களூரில் காலமானார். தாபஸ் தாஸ் புற்றுநோயால் வருந்தியபோது, அவருடைய மருத்துவத்துக்கு நிதி திரட்ட மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் இசைக்கலைஞர் பலர் முன்வந்தனர். அவர்களுள் பலர், மொஹீனின் குதிரைகள் கலைந்த 1981இல் பிறக்கவே இல்லை. 2023 ஜூன் 25ஆம் நாள் தாபஸ் தாஸ் கொல்கத்தாவில் மறைந்தார்.