தபாலில் வந்த கிடார்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவின் கிடார் வசதியுள்ள வீடுகளின் கூடத்தில் இருந்த வாத்தியம். ஆட்டுக்குடல் நரம்பு பூட்டி, இன்றைய கிடாரைவிடச் சின்ன உடலோடு, பட்டறைகளில் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டது. சாக்சனியிலிருந்து 1833இல் நியூயார்க் வந்திறங்கி, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின் அந்தப் பட்டறைக்காரர்களில் முதன்மையானவர். அவர் செய்த கிடார், வயற்காட்டுக் கூலிக்காரருக்கு எட்டாத பொருள்.

அது எட்டும் விலைக்கு வந்தது சிகாகோ நகரத்தால். ஹாம்பர்கிலிருந்து குடியேறிய வில்ஹெல்ம் ஷூல்ட்ஸ் 1892இல் அங்கே ஹார்மனி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே நகரத்தில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் தடித்த விலைப்பட்டியல் புத்தகங்களை அச்சிட்டு நாட்டுப்புற வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1896இல் கிராமத்து வீட்டு வாசலுக்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையைத் தபால்துறை சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. 1913 முதல் பெரிய பார்சல்களையும் ஏற்றது. கலப்பையும் தையல் எந்திரமும் வாங்கிய அதே புத்தகத்தில் சில டாலருக்குக் கிடாரும் கிடைத்தது. ஹவாய் இசையின் மீது எழுந்த மோகத்தில் உகுலேலேவுக்குக் கிராக்கி ஏறியபோது, 1916இல் சியர்ஸ் ஹார்மனியையே விலைக்கு வாங்கிவிட்டது.

விலையை எங்கே குறைத்தார்கள் என்பது அந்தக் கால மலிவுக் கிடார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். பக்கப்பலகையும் பின்பலகையும் ஈட்டியோ மகாகனியோ அல்ல, உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த பிர்ச். அதன் வெளிர்நிறத்தை மறைக்கச் சாயம் பூசி, மேலே விலையுயர்ந்த மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் வரைந்திருப்பார்கள். சிப்பி பதிக்க வேண்டிய இடத்தில் அச்சுப் படம் ஒட்டியிருக்கும். இவையெல்லாம் கண்ணுக்கான சிக்கனம். ஓசையைப் பெரிதாகக் கெடுக்காதவை. நடுத்துளை வழியே உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் தெரிவது வேறு வகைச் சிக்கனம். மார்ட்டின் பட்டறை 1840களிலேயே மேல்பலகையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போலத் தாங்குசட்டங்களை ஒட்டத் தொடங்கியிருந்தது. மலிவுக் கிடார்களில் ஏணிப்படி போல நேர்க்குறுக்காக நாலைந்து சட்டங்கள்தான். வெட்டவும் ஒட்டவும் சுலபம், வேலை சீக்கிரம் முடியும்.

எஃகுக் கம்பி பரவியதும் இந்தச் சிக்கனத்தின் விலை தெரியவந்தது. குடல் நரம்பைவிட எஃகு மலிவு, நாள்பட உழைக்கும், ஓசையும் ஓங்கி வரும். ஆனால் ஆறு எஃகுக் கம்பிகளைச் சுருதிக்கு முறுக்கினால் அவை சேர்ந்து இழுக்கும் விசை, மெல்லிய கம்பிகளானாலும், சுமார் 70 கிலோ எடை. அந்த இழுப்பில் ஏணிச்சட்டம் போட்ட மேல்பலகை வயிறு போல உப்பும். கழுத்து முன்பக்கம் வளையும். அப்போது கம்பிக்கும் கழுத்தில் பதித்த கட்டைகளுக்கும் (ஃப்ரெட்) நடுவே இடைவெளி கூடுகிறது. 12ஆவது கட்டைக்கு மேலே சுமார் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி இரண்டு மடங்காகிவிட்டால், ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க விரல் புண்ணாகும். அழுத்தும்போதே கம்பி நீண்டு சுருதியும் ஏறிவிடும். கிடார் கற்கத் தொடங்கி, தனக்குக் கை வராது என்று ஒதுங்கிய எத்தனையோ பேருக்குக் குறை கையில் இருந்ததில்லை.

கழுத்து வளைவதற்கு மருந்து அப்போதே இருந்தது. கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மக்ஹ்யூ 1920களின் தொடக்கத்தில், கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பியைப் புதைத்து, திருகி நிமிர்த்தும் வழியைக் கண்டுபிடித்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் கிப்ஸன் தன் ஊரான கலமசூவின் பெயரிலேயே மலிவு ரகம் ஒன்றை விற்றபோது, அவற்றில் விட்டுவிட்ட முக்கியமான பொருள் இந்தத் திருகுக் கம்பிதான். மரம் நல்ல மரம், வேலை அதே தொழிற்சாலை ஆட்களின் வேலை. அந்தக் கிடார்களைப் பிற்காலத்தில் கழுத்தைச் சீர்செய்து வாசித்தவர்கள் வெகுவாக மதித்ததில் வியப்பில்லை.

குறைகளோடுதான் இந்தக் கருவிகள் ஓர் இசைமரபையே சுமந்தன. நியூ ஜெர்சியின் ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம் செய்த ஸ்டெல்லா, தென்மாநிலங்களின் ப்ளூஸ் பாடகர்கள் கையில் அதிகம் புழங்கிய பெயர். 12 கம்பி ஸ்டெல்லா, பாடகர் லெட்பெல்லியின் அடையாளமே ஆனது. 1930களின் இறுதியில் அந்தப் பெயரை ஹார்மனி வாங்கிக்கொண்டது. 1940இல் சியர்ஸ் ஹார்மனியைக் கைமாற்றிவிட்டாலும், அதன் கிடார்களைத் தொடர்ந்து விற்றது. 1950களின் இறுதியில் நாட்டுப்பாடல் அலையும், 1964இல் பீட்டில்ஸ் அலையும் எழுந்தபோது அமெரிக்காவில் எண்ணிக்கையில் மிகுதியாகக் கிடார் செய்தவர்களில் ஹார்மனி முன்னணியில் இருந்தது. அதன் சாவரின் ரகத்தில் கெட்டி மகாகனி உடல், கெட்டி ஸ்புரூஸ் மேல்பலகை. ராக் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் வைத்திருந்ததும் அதுதான். ஆனாலும் உள்ளே அதே ஏணிச்சட்டம்.

போட்டி ஜப்பானிலிருந்து வந்தது. ஹமமட்சு நகரில் 1887இல் ஆர்கன் செய்வதில் தொடங்கிய யமஹா, 1966இல் எஃப்ஜி வரிசைக் கிடார்களை வெளியிட்டது. இங்கே சிக்கனத்தின் இடம் மாறியது. உடல் முழுக்க, மேல்பலகை உட்பட, மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகை. ஒரே துண்டாக அறுத்த ஸ்புரூஸ் பலகை வாசிக்க வாசிக்கக் கனியும். ஒட்டுப்பலகை அந்த அளவுக்குக் கனியாது, அதிர்வும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெடிக்காது. மிச்சம் பிடித்ததை யமஹா கழுத்திலும் கட்டை பதிப்பதிலும் செலவிட்டது. கம்பி தாழ்வாக ஓடியது, சுருதி நின்றது. புதிதாகக் கற்பவருக்கு மரத்தின் உயர்வைவிட இது பெரிய உபகாரம். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று வாசித்தது அந்த வரிசையின் விலை குறைந்த எஃப்ஜி-150. ஹார்மனி 1975இல் மூடப்பட்டது.

ஜப்பானில் கூலி ஏறியதும் தொழில் கொரியாவுக்கும் தைவானுக்கும், பிறகு இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. கணினி இயக்கும் எந்திரங்கள் கழுத்தைச் சீவவும் கட்டைப் பள்ளம் வெட்டவும் வந்தபின், முன்பு தேர்ந்த தச்சரின் கையிலிருந்த துல்லியம் மலிவு ரகங்களுக்கும் கிடைத்தது. அங்கே மிஞ்சிய பணம் திரும்பவும் மேல்பலகைக்குப் போயிற்று. 2016இல் வந்த யமஹா எஃப்ஜி-800 கெட்டி ஸ்புரூஸ் மேல்பலகையும், அதிர்வு தாராளமாகப் பரவ இடையிடையே குடைந்த சட்டங்களும் கொண்டது. அப்படிச் சட்டங்களைக் குடையும் வேலையை மார்ட்டின் 1944இல் கைவிட்டு, 1976இல்தான் மீண்டும் எடுத்தது. ஒரு தலைமுறைக்கு முன் விலையுயர்ந்த கிடார்களோடு சேர்த்துப் பேசப்பட்ட வேலைப்பாடு, தொடக்கநிலைக் கிடாருக்குள் இறங்கிவிட்டது. பக்கமும் பின்பக்கமும் இன்னும் ஒட்டுப்பலகைதான். ஓசையில் பெரும்பங்கு மேல்பலகையிலிருந்து வருவதால், பக்கத்திலும் பின்பக்கத்திலும் மிச்சம் பிடிப்பதே குறைந்த சேதம்.

அதற்கும் கீழான விலையில், மேல்பலகையும் ஒட்டுப்பலகையாக உள்ள ரகங்கள் அந்த முதல் எஃப்ஜி வரிசையின் நேர் வாரிசுகள். தமிழ்நாட்டு இசைக்கடைகளில் முதல் கிடார் வாங்க வருபவர் கையில் பெரும்பாலும் ஏறுவது இந்த வகைதான். 2019 முதல் சென்னைக்கு அருகே உள்ள யமஹா தொழிற்சாலையிலும் கிடார்கள் செய்யப்படுகின்றன.