முற்றமும் நிறுத்தமும்: ஹைதராபாத் நகர மையத்து வெற்றிடங்கள்

நகரத்தின் நடுவே கிடக்கும் வெற்றிடம் யாருக்கு உரியது என்னும் வினா நிலப்பத்திரத்தோடு தீர்ந்துவிடுவதன்று. அங்கே நடப்பவர் யார், அமர்பவர் யார், நாள் முழுதும் வெயிலில் நின்று இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்பனவும் அதனோடு சேர்த்தே ஆராயத்தக்கன. ஹைதராபாதில் இவ்வாராய்ச்சிக்கு மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட்டின் முற்றத்தைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1908 செப்டம்பரில் மூசி நதி பெருக்கெடுத்து நகரைச் சிதைத்த பின்னர் 1912இல் தோன்றிய நகர அபிவிருத்தி மன்றம், நெரிசலான குடியிருப்புகளை அகற்றிய பகுதிகளை வெறுந்தரையாக விட்டுவிடாமல், பத்தர்கட்டியில் கல் வளைவுகளோடு கூடிய கடைவரிசையை நிறுவியது. 1935இல், நிஜாமின் இளைய மைந்தரின் பெயரால், கருங்கல் மணிக்கூண்டோடு மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் எழுந்தது. பிற்காலத்தில் பழ வியாபாரம் நகரின் புறத்தே சென்றது. முற்றத்தை வண்டிகள் பிடித்துக்கொண்டன. 2018இல் தொடங்கிய புனருத்தாரணம் 2020 ஆகஸ்டில் நிறைவுற்றபோது கல்லோடு முற்றமும் மீண்டது. இன்று மாலை வேளையில், சீத்தாப்பழ ஐஸ்கிரீம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஓடவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் குடும்பங்களை அங்கே காணலாம். வண்டிகள் நின்ற தரையில் குழந்தையை எவர் ஓடவிடுவார்?

கடைக்காரர்களின் ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று: வண்டிக்கு இடமில்லையேல் வாடிக்கையாளர் வாரார் என்பது அவர்களுடைய நியாயமான அச்சம். ஆயினும், திறந்த வெளியில் ஒரு காருக்கு, வந்துபோகும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் தேவை என்பது நம் நகர அமைப்பாளர்கள் கொள்ளும் கணக்கு. லாட் பஜாரின் வளையல் கடைகளில் பல இதனினும் சிறியவை. அரை ஏக்கர் தரையில், இக்கணக்கின்படி, ஏறத்தாழ 88 கார்களே நிற்கும். அதே அளவு நிலத்தில் நாம்பள்ளி மெட்ரோ நிலையத்தின் அருகே 15 தளங்களாக எழுந்துள்ள இயந்திர நிறுத்தம், 10 தளங்களை வண்டிகளுக்கு அளித்து, எஞ்சியவற்றை வணிகத்துக்கு ஒதுக்கியிருக்கிறது.

இவ்வகைக் கோபுரங்களை நான் எதிர்க்கவில்லை. கோபுரத்தில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் ஈடாகத் தெருவில் ஓரிடம் விடுவிக்கப்படவேண்டும் என்பதே என் வாதம். அந்நிபந்தனை இல்லாவிடில், வண்டிகள் பெருகுமேயன்றி நடப்பவருக்கு ஓரடி நிலமும் கிட்டாது. தெருவில் இலவசமாக நிறுத்த இடமிருக்கும்வரை கட்டணம் கொடுத்து மாடியேற ஒருவரும் விரும்பார். இலவச நிறுத்தத்தின் மறைமுகச் செலவை நகரத் திட்ட அறிஞர் டொனால்ட் ஷூப் 2005இல் ஒரு பெருநூலாகவே விரித்துரைத்தார். சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையும் அருகே அடுக்கு நிறுத்தமும் ஒருங்கே திட்டமிடப்பட்டது தெருவை விடுவிக்கும்பொருட்டே.

ஆகவே ஆபிட்ஸிலும் கோட்டியிலும் வண்டிகள் நிற்கும் மனைகளுக்கு அனுமதி வழங்குகையில், தெருவை நோக்கிய முகப்பில் கடைகளும் மேலே வீடுகளும் அமையவேண்டும், வண்டிகள் பின்புறம் ஒதுங்கவேண்டும் என்று மாநகராட்சி விதித்தல் வேண்டும். விடுவிக்கப்படும் தெருவோரம் எது, எத்தனை மீட்டர் என்பது அவ்வனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்படவேண்டும்.