சக்கரத்துக்கு முன்பே வந்த சட்டம்

1970-ல் ஹோண்டா அமெரிக்காவில் ஒரு மூன்று சக்கர வண்டியை இறக்கியது. குளிர்காலத்தில் பைக் விற்காமல் ஈயோட்டிய கடைக்காரர்களுக்காகச் செய்தது. ஊதிப் பெருத்த டயர். பனி, மணல், சேறு எதிலும் போகும். சாலையை விட்டு இறங்கி விளையாடும் வண்டிகள் பலவகையாய்ச் சேர்ந்து, 1972-ல் சுமார் 50 லட்சம். அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று அதிபர் நிக்சன் ஆணையிட்டார்: அரசு நிலத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று குறியுங்கள், மண்ணும் நீர்ப்பிடிப்பும் செடிகொடியும் அதிகம் கெடாத, விலங்கு மிரளாத, நடந்து வருபவரோடு தகராறு வராத தடமாகப் பாருங்கள். 1977-ல் கார்ட்டர், பெருஞ்சேதம் கண்டால் உடனே மூடச் சொன்னார்.

அப்போதும் பல காடுகளில் 'கூடாது' என்ற பலகை இல்லையென்றால் ஓட்டலாம். 2005-ல்தான் அந்நாட்டு வனத்துறை இதைத் தலைகீழாக்கியது. வரைபடத்தில் உள்ள தடம் மட்டுமே திறப்பு, மிச்சமெல்லாம் மூடல்.

நம் பக்கம் கதை வேறு. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதே குற்றம் என்று 1882-ம் ஆண்டு சென்னை வனச்சட்டம் சொல்லிவிட்டது. கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதே 1886-ல்தான்! வெள்ளைக்காரன் மானுக்காகவா போட்டான்? மரத்துக்காக, வருமானத்துக்காக. மாட்டிக்கொண்டவர்கள் ஆடு மேய்த்தவர்கள். ஆனாலும் இன்று பைக்கை மறிப்பது அந்தச் சட்டம்தான்.

நம் மாதனூரில் காட்டுக்கு அந்தக் காவல் உண்டு. ஊரை ஒட்டிய பாலாற்றுக்கு? ஆண்டில் பாதிக்கு மேல் வெறும் மணல். 1905-ம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டம், புறம்போக்கைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் பேசும். ஓடிப்போகும் டயர் அதன் கணக்கில் வராது.

இத்தனைக்கும், கெடுதல் இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது நம் பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவு வழக்கில்தான். அமெரிக்க வனத்துறை 2005-ல் எட்டிய இடத்துக்கு, ஒன்பது ஆண்டு முன்பே இந்த ஆறு போய்விட்டது. தொழிற்சாலைக்குச் சொன்னதைச் சக்கரத்துக்குச் சொல்லத்தான் ஆளில்லை. வண்டி இறங்கும் தடத்தை மாவட்ட நிர்வாகம் குறித்துக் கொடுத்து, மீதிப் படுகையை மூடட்டும். அதுவரை, மணலைக் கண்டால் கை துறுதுறுக்கும் தம்பிகளே, ஏற்கெனவே ஓடிய தடத்திலேயே ஓட்டுங்கள். குடிநீர்க் கிணறுகள் பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பாதீர்கள்.