மொழியிலிருந்து பிறந்த குடிகள்

மிடில்-எர்த் என்னும் கற்பனை உலகில் முதலில் உருவானது ஒரு சொற்பட்டியல். எல்ஃப், ட்வார்ஃப், ஹாபிட் எல்லாம் பிறகு வந்தவை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜே.ஆர்.ஆர். டோல்கியன் (1892–1973) கல்லூரி நூலகத்தில் ஒரு ஃபின்னிஷ் இலக்கண நூலைக் கண்டெடுத்தார். அதன் ஒலியில் மயங்கி, தானே ஒரு மொழியைக் கட்டத் தொடங்கினார். பட்டப்படிப்பை முடித்த 1915-ஆம் ஆண்டிலேயே அந்த மொழிக்கு அகராதி எழுத ஆரம்பித்துவிட்டார். பின்னாளில் அதன் பெயர் க்வென்யா என்று நிலைத்தது. மொழி இருந்தால் பேசுவோர் வேண்டும், பேசுவோர் இருந்தால் அவர்களுக்கு ஒரு வரலாறு வேண்டும். மிடில்-எர்த்தின் குடிகளில் பெரும்பாலானவை இந்தத் தேவையிலிருந்தே பிறந்தன. கதைகளை எழுதியதே மொழிகளுக்கு ஓர் உலகம் தரத்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

க்வென்யாவின் அமைப்பு தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும். ஃபின்னிஷும் தமிழும் ஒட்டுநிலை மொழிகள். ஃபின்னிஷை முன்மாதிரியாகக் கொண்ட க்வென்யாவும் பெயர்ச்சொல்லோடு உருபைச் சேர்த்தே வேற்றுமை காட்டுகிறது. ‘கிர்யா’ என்றால் கப்பல். ‘கிர்யன்னா’ கப்பலுக்கு, ‘கிர்யஸ்ஸே’ கப்பலில், ‘கிர்யல்லோ’ கப்பலிலிருந்து. இப்படி உருபு உருபாகச் செதுக்கிய மொழியைப் பேசுவதற்காக வந்தவர்களே எல்ஃப்கள்.

அவர்களுடைய வரலாறு போர்க்களத்திலிருந்து திரும்பிய கையோடு எழுதப்பட்டது. 1916-இல் சோம் போரில் சமிக்ஞை அதிகாரியாக இருந்த டோல்கியன், பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு அந்த நவம்பரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். நோயிலிருந்து தேறிய மாதங்களில் அவர் எழுதியது, எல்ஃப்களின் மறைநகரமான கோண்டோலின் வீழ்ந்த கதை. அன்று அவர் எல்ஃப்களின் ஒரு பிரிவை ‘நோம்கள்’ என்று அழைத்தார். அறிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து இட்ட பெயர் அது. ஆங்கில வாசகருக்கோ அந்தச் சொல் தோட்டத்துக் குள்ளப் பொம்மையைத்தான் நினைவூட்டும் என்பதால் பிற்பாடு கைவிட்டார்.

எல்ஃப்களுக்கு ஒரு மொழி போதவில்லை. ஒரே மூலமொழி இரண்டாகப் பிரிந்தால்தான் ஒலிமாற்ற விதிகளைக் கட்டிப் பார்க்க முடியும். எனவே கடல் கடந்து மேற்கே போனவர்கள் க்வென்யா பேசினார்கள். பின்தங்கி நின்றவர்களிடம், வெல்ஷ் மொழியின் ஒலியழகைத் தழுவிய சிந்தரின் வளர்ந்தது. க்வென்யாவில் நிலவு ‘இசில்’, சிந்தரினில் ‘இதில்’. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி என்று நிற்பதைப்போன்ற உறவு இது. குடியின் பிரிவும் கடற்பயணமும் இந்த ஒலிமாற்றத்துக்குக் காலமும் தூரமும் கொடுத்தன.

மொழி மாறினால் வரலாறும் மாற வேண்டியிருந்தது. வெல்ஷ் சாயல் கொண்ட அந்த மொழி, முதலில் மேற்கே போய்த் திரும்பிய நோல்டோர் என்னும் எல்ஃப் குடியின் சொந்த மொழியாகவே இருந்தது. 1950 வாக்கில் டோல்கியன் அதை, போகாமல் தங்கியவர்களின் மொழியாக மாற்றினார். அப்படியானால் திரும்பிவந்த நோல்டோர் ஏன் அதைப் பேசினார்கள்? அதற்கு அரசியல் காரணம் ஒன்று வந்தது. நோல்டோர் தம் உறவினரையே கொன்ற சேதி எட்டியதும், தங்கியவர்களின் மன்னர் திங்கோல் தன் நாட்டில் க்வென்யா ஒலிக்கக் கூடாதென்று தடை விதிக்கிறார். க்வென்யா அன்றாடப் பேச்சிலிருந்து விலகி, சடங்குக்கும் பாட்டுக்கும் உரிய மொழியாக ஒதுங்குகிறது. ஒரு மொழி எப்படிச் செம்மொழி ஆகிறது என்பதை ஒரு நாவலாசிரியர் இத்தனை நுட்பமாகக் காட்டிய இடம் அரிது.

ட்வார்ஃப்களின் வரலாறு வேறு வழியில் வந்தது. 1937-இல் வெளியான ‘தி ஹாபிட்’ சிறுவர் கதையாகத் தொடங்கியது. அதில் வரும் ட்வார்ஃப்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் மொழியின் ‘வோலுஸ்பா’ பாடலில் உள்ள பட்டியலிலிருந்து டோல்கியன் எடுத்துக்கொண்டார். மந்திரவாதி கண்டால்ஃபின் பெயரும் அந்தப் பட்டியலில் உள்ளதே. ஆனால் ட்வார்ஃப்களுக்கு அவர் வகுத்திருந்த குஸ்துல் மொழி செமிட்டிக் அமைப்புடையது. அரபு, ஹீப்ரு மொழிகளைப்போல மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து சொற்கள் கிளைக்கும். செமிட்டிக் சாயல் மொழி பேசுவோருக்கு வட ஐரோப்பியப் பெயர்கள் எப்படி வந்தன? ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) நூலின் பின்னிணைப்பு இதற்கு விடை தருகிறது. வெளியாரிடம் சொல்லும் பெயர், அண்டை வீட்டு மனிதரின் மொழியில் இட்டுக்கொண்டது. உண்மைப் பெயர் தம் குடிக்குள் மட்டுமே புழங்கும். கல்லறையில்கூட அதைப் பொறிக்க மாட்டார்கள். ஓர் ஓட்டையை அடைக்கப் புகுந்த விளக்கம், தங்கள் பெயரையே பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு குடியின் ஆழ்ந்த வழக்கமாகிவிட்டது.

சென்ற இடத்தின் மொழியைப் பேசி, வீட்டுக்குள் தம் மொழியைக் காத்து, உள்ளூர்க்காரராகவும் அயலாராகவும் ஒருசேர வாழ்வதில் ட்வார்ஃப்கள் யூதர்களை நினைவூட்டுவதாக 1955-இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். ஒப்புமையில் ஆபத்து உண்டு. பொன்னாசை பிடித்தவர்களாக ‘தி ஹாபிட்’ அவர்களைக் காட்டியிருந்தது. அடுத்த நூலில் வரும் ட்வார்ஃபான கிம்லியோ வீரமும் அழகுணர்வும் நிறைந்தவன். இடையில் 1938-இல், ஒரு ஜெர்மன் பதிப்பகம் ‘தி ஹாபிட்’டை மொழிபெயர்க்கும் முன் அவர் ஆரியரா என்று கேட்டது. கொதித்துப்போன டோல்கியன், யூதர் என்னும் திறமிக்க மக்களில் தமக்கு மூதாதையர் இல்லாமல்போனது வருத்தமே என்று பதில் வரைந்தார்.

ஹாபிட்களின் தொடக்கமும் ஒரே ஒரு சொல்தான். கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கொண்ட வாக்கியம் ஒன்றை எழுதினார். அதன் பொருள் அப்போது அவருக்கே தெரியாது. வெகுகாலம் கழித்து, ‘வளை கட்டுவோர்’ என்று பொருள்படும்படி ‘ஹோல்பிட்லா’ என்றொரு பழைய ஆங்கிலச் சொல்லை அமைத்து, அது தேய்ந்து ‘ஹாபிட்’ ஆனது என்று வேர் கொடுத்தார். அவர்களுடைய நாடான ஷயர், 1897 வாக்கில் அவர் சிறுவனாக வாழ்ந்த கிராமத்தின் சாயல். அங்கே பிறந்தநாள் கொண்டாடுபவர் பிறருக்குப் பரிசு கொடுக்கிறார். உடனடிப் பயன் இல்லாத, எறியவும் மனம் வராத பொருளுக்கு ‘மாத்தம்’ என்று பெயர். செல்வம், பரிசு என்று பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அத்தகைய பொருள்கள் வீடு வீடாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். மதிப்பிழந்த சொல்லும் மதிப்பிழந்த பண்டமும் ஒன்றாகவே சுற்றி வருகின்றன.

மரம்போன்ற எண்ட்களின் பெயரும் பழைய ஆங்கிலத்தில் அரக்கனைக் குறிப்பதே. ஒரு பொருளின் பெயர் அதன் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மொழியின் நெறி என்பதால், ஒரு வணக்கம் சொல்லவே நெடுநேரம் ஆகும். ரோஹன் நாட்டுக் குதிரை வீரர்களின் பேச்சைப் பழைய ஆங்கிலமாகவே எழுதினார்.

சொந்த மொழி வாய்க்காத குடி ஒன்று உண்டு: ஓர்க்குகள். அவர்களுக்கெனத் தனிமொழி இல்லை, பிறர் மொழிகளைப் பிடுங்கிச் சிதைத்துப் பேசினார்கள், கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு புரியாததால் பொதுமொழியையே நாடினார்கள் என்கிறது பின்னிணைப்பு. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் டோல்கியனால் கடைசிவரை முடிவுசெய்ய இயலவில்லை. ஆரம்பக் கதைகளில் தீய தெய்வம் அவர்களைச் சேற்றிலும் வெப்பத்திலும் உருவாக்கியது. ஆழ்ந்த கத்தோலிக்கரான அவருக்கு இது பிற்பாடு உறுத்தியது. தீமையால் உயிரைப் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும். அப்படியானால் அவர்கள் கெடுக்கப்பட்ட எல்ஃப்களா, மனிதரா, பேசப் பழக்கிய விலங்குகளா? கடைசிக் காலக் குறிப்புகள் ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவுகின்றன. அவர் மறைந்தபின் மகன் கிறிஸ்டோஃபர் 1977-இல் பதிப்பித்த ‘தி சில்மரில்லியன்’ எல்ஃப் என்னும் விடையை அச்சேற்றியது. அது ஒரு தேர்வே, தீர்வு அல்ல.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலுக்குள்ளேயே இந்தச் சிக்கலுக்குச் சான்று இருக்கிறது. தீய நாடான மோர்டோரின் எல்லையில் இரண்டு ஓர்க் தலைவர்கள் தனியே பேசிக்கொள்கிறார்கள். போர் முடிந்தால், மேலதிகாரிகள் யாரும் இல்லாத ஏதாவதொரு மூலைக்கு நம்பகமான சில ஆட்களோடு நழுவிப் போய்விடலாம் என்று ஆசைப்படுகிறார்கள். அங்கும் கொள்ளையடிக்கும் நினைப்புத்தான். ஆனாலும் இருவருக்கும் அலுப்பு உண்டு, அச்சம் உண்டு, பழைய நாள்களின் ஏக்கம் உண்டு. வெறும் பொம்மைகளாக அவர்களை எண்ணிவிட இந்தப் பக்கங்கள் இடம்தருவதில்லை.

டோல்கியனுக்குப் பின் இந்தக் குடிகள் மொழியை உதிர்த்துவிட்டு உலகெங்கும் பரவின. 1974-இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு அவர்களை அப்படியே எடுத்துக்கொண்டது. சட்ட எதிர்ப்பு வந்ததும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது, எண்ட் ‘ட்ரீயெண்ட்’ ஆனது. வெட்டி வீழ்த்த வேண்டிய எதிரியாக அதில் நுழைந்த ஓர்க், அதே விளையாட்டின் 2024 விதிநூலில் எல்ஃபுக்கும் ட்வார்ஃபுக்கும் சமமாக, ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து இனங்களுள் ஒன்றாக நிற்கிறது.

டோல்கியன் ஓர்க்குகளுக்கு மறுத்த சொந்த மொழியை, அவர்களை ஒத்த ஓர் எதிரிக் குடிக்குக் கொடுத்தவர் ஒரு தமிழர். 2015-இல் வந்த ‘பாகுபலி’ படத்தில் ஊரைச் சூறையாட வரும் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உருவாக்கினார். சொற்களும் இலக்கண விதிகளும் வகுத்தார். 2020-இல் தனி எழுத்துகளோடு, விரும்புவோர் கற்கும்படி அதைப் பொதுவில் வெளியிட்டார்.