தெ முவாவ்ரின் வர்க்கமூலம்

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு தெ முவாவ்ர் என்ற பெயர் பழக்கமானது. கோணங்களைப் பற்றிய அவருடைய சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் நாம். அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு, கிடங்குக் கணக்கு பார்த்தவர்களுக்கு அதைவிட உபயோகமானது.

அபிரகாம் தெ முவாவ்ர் 1667இல் பிரான்சின் வித்ரி-லெ-பிரான்சுவா ஊரில், புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தார். 1685இல் பதினான்காம் லூயி நாந்த் அரசாணையை ரத்து செய்து அவர்களது வழிபாட்டு உரிமையைப் பறித்தார். சில ஆண்டுகளில் தெ முவாவ்ர் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1697இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனாலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. டியூஷன் சொல்லிக்கொடுத்தும், சூதாடுபவர்களுக்கு வாய்ப்புக் கணக்குப் போட்டுக்கொடுத்தும் காலம் தள்ளினார்.

1733 நவம்பர் 12 தேதியிட்டு, லத்தீனில் சில பக்கங்களை அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். நாணயத்தைப் பலமுறை சுண்டினால் பூ விழும் எண்ணிக்கை சரிபாதியிலிருந்து கொஞ்சம் விலகும். அந்த விலகல், சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும் என்று காட்டினார். நூறு மடங்கு சுண்டினாலும் விலகல் பத்து மடங்குதான். 1810இல் லப்லாஸ் இதைப் பலவகை அளவுகளின் சராசரிக்கும் விரிவாக்கினார்.

நம் கணக்கில் பார்ப்போம். அரிசி மூட்டையின் சராசரி எடை 50 கிலோ, திட்ட விலக்கம் 1 கிலோ, எடைகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டை 49.6 கிலோவுக்குக் கீழே இருக்க வாய்ப்பு என்ன? குறைவு 0.4, அதை 1ஆல் வகுத்தால் இசட் மதிப்பு மைனஸ் 0.4. அட்டவணைப்படி நூற்றுக்கு 34. சர்வசாதாரணம்.

இப்போது 25 மூட்டைகளை எடுத்து நிறுத்து, சராசரி பாருங்கள். 25இன் வர்க்கமூலம் 5. சராசரியின் திட்ட விலக்கம் 1ஐ 5ஆல் வகுக்க, 0.2. அதே 0.4 குறைவுக்கு இசட் மதிப்பு மைனஸ் 2. வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 2 மட்டுமே.

நான் உத்தியோகம் பார்த்த நாட்களில், ஒரே மூட்டையை நிறுத்துப் பார்த்து கிடங்குப் பொறுப்பாளருக்கு மெமோ கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். ஒரு மூட்டையில் 400 கிராம் குறைந்ததற்கு ஒருவரைத் திருடனாக்குவது அநியாயம். 25 மூட்டைச் சராசரியில் அதே 400 கிராம் குறைந்தும் விசாரிக்காமல் விட்டால், அது ரேஷன் வரிசையில் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டுக்கும் நடுவே நிற்பது, நாடு இழந்த ஒரு மனிதர் கண்ட வர்க்கமூலம்.