கறக்கிற கையும் மடிநோயும்

போன மழைக்காலத்துல எங்க செவலைக்கு மடி வீங்கி, பால் திரிதிரியா வந்துச்சு. கண்ணு பட்டுருச்சுன்னு அம்மா உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க. நான் அதே கையோட அடுத்த மாட்டையும் கறந்தேன். கொஞ்ச நாள்ல அதுக்கும் வந்துருச்சு.

இது மாட்டுக்கு மாடு தொற்றும் நோய் என்பது 1887-லேயே பிரான்சில் எழுதி வெச்ச விஷயம். எழுதியவர்கள் நோக்கார், மொல்லரோ என்ற இருவர். கெட்ட பாலில் அவர்கள் பார்த்தது, சங்கிலி மாதிரி கோத்து நிற்கும் உருண்டைக் கிருமி. இன்றைக்கு அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. அகலாக்டியே என்றால் பால் இல்லாமல் போவது. பேரு வெச்சவருக்கு மாட்டுக்காரன் வயித்தெரிச்சல் தெரிஞ்சிருக்கு!

1940-களில் பென்சிலின் வந்ததும் அந்தக் கிருமி அடங்கியது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படி அடங்கவில்லை. அது மடிச் சதைக்குள் பதுங்கிக்கொள்ளும். ஊசி போட்டால் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வரும். அதனால் 1960-களில் இங்கிலாந்தில் நீவ், டாட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் தடுப்பு வழிக்குப் போனார்கள். கறந்து முடித்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது, மாடு பால் வற்றும் சமயத்தில் காம்புக்குள் மருந்து ஏற்றுவது. தொற்றும் கிருமிகள் குறைந்தன. குறைந்த இடத்தில் சாணியிலும் ஈரத்தரையிலும் வாழும் ஈ.கோலை வந்து உட்கார்ந்தது. அதுக்குக் கை கழுவினா மட்டும் பத்தாது, கொட்டகை காய்ஞ்சிருக்கணும்.

செவலைக்கு ஒரு காம்பு இன்னிக்கும் அடைஞ்சே கிடக்கு. மூணு காம்புப் பால்தான். அதை இப்ப கடைசியாத்தான் கறக்கிறோம்.